தொலைந்தது சாவி மட்டும்தான்

பழைய வண்டி வாங்கப் போகிறவர் இன்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார். அடித்தகட்டில் துரு ஏறியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணும் வண்டியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று டார்ச் அடித்துச் சரிபார்ப்பார். சாவியைக் கேட்க மறந்துவிடுவார். விற்கிறவரும் அதைப் பற்றி வாய் திறக்கமாட்டார். வண்டி லாரியிலிருந்து வீட்டு வாசலில் இறங்கிய பிறகுதான் டிக்கி திறக்கவில்லை என்பது தெரியும். டேஷ்போர்டில் சாவி போகவேண்டிய இடத்தில் ஓட்டை மட்டும் இருப்பதும், அதிலிருந்து முறுக்கிவிட்ட இரண்டு ஒயர் தொங்குவதும் அப்போதுதான் கண்ணில் படும். என்னிடம் வருகிற வேலைகளில் பாதிக்கு மேல் இப்படி வந்தவைதான்.

பழைய வண்டிகளுக்குச் சாவி செய்யும் இந்த வேலைக்கு நான் வந்தது வண்டி வழியாக இல்லை, பூட்டு வழியாக. எங்களுக்குச் சொந்த ஊர் திண்டுக்கல். அப்பா பூட்டுப் பட்டறையில் இருந்தவர். 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கொடுத்தபோது செய்தித்தாள்களெல்லாம் மாங்காய்ப் பூட்டின் படத்தைப் போட்டன. அந்தப் பூட்டின் அழகு வெளியில் இல்லை. உள்ளே அடுக்கியிருக்கும் லீவர்கள் ஒவ்வொன்றும் கையால் அரம் போட்டு, அந்த ஒரு பூட்டுக்கென்றே பொருத்தப்பட்டவை. யாராவது சாவியைத் தொலைத்துவிட்டு வந்தால் அப்பா பூட்டைப் பிரிப்பார், லீவர்களைப் பார்ப்பார், சாவியைச் செய்வார். பூட்டைத் தூக்கிப் போடுகிற பேச்சே அங்கே கிடையாது. சென்னைக்கு வந்து, பழைய கார்களின் பூட்டுகளை முதன்முதலாகக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே அமைப்பு வேறாக இருந்தது. ஆனாலும் அப்பாவின் வழி அங்கேயும் செல்லுபடியானது.

மெக்கானிக் கடைகளில் நிலைமை வேறு. சாவி இல்லையா, ஸ்விட்சையே பிடுங்கு, புதுக் காருக்கு வரும் ஏதாவது ஒரு ஸ்விட்சை வாங்கு, ஓட்டை சிறியதாக இருந்தால் அரம் போட்டுப் பெரிதாக்கு. அரை மணி நேரத்தில் வண்டி ஓடும். அந்த அரை மணி நேரத்தில் டேஷ்போர்டுத் தகட்டில் இருந்த மூல ஓட்டை போய்விடுகிறது. ஸ்விட்சைச் சுற்றியிருந்த குரோம் வளையம் குப்பைக்குப் போய்விடுகிறது. கதவுக்கும் இக்னிஷனுக்கும் ஒரே சாவி இருந்த வண்டியில் இனிமேல் இரண்டு சாவி. இன்ஜின் பாகம் கிடைக்காவிட்டால் கடைசல் பட்டறையில் புதிதாகக் கடைந்துகொள்ளலாம். அகலமாக்கிய ஓட்டையைப் பழையபடி ஆக்க டிங்கர் வேலை, பெயிண்ட் வேலை எல்லாம் வேண்டும்.

கார் பூட்டின் உள்ளமைப்பைச் சொல்லிவிடுகிறேன், மற்றவை அதிலிருந்து விளங்கிவிடும். ஒரு சிறிய உருளை. அதில் குறுக்காக ஐந்தோ ஆறோ மெல்லிய வெட்டுகள். ஒவ்வொரு வெட்டிலும் ஒரு பித்தளைத் தகடு, தகட்டின் தோளில் ஒரு குட்டி ஸ்பிரிங். ஒவ்வொரு தகட்டின் நடுவிலும் நீள்சதுரமாக ஒரு சன்னல். சாவி அத்தனை சன்னல்கள் வழியாகவும் நுழைந்து போகிறது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாத் தகடும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒன்றில் சன்னல் சற்று மேலே இருக்கும், இன்னொன்றில் சற்றுக் கீழே. வித்தியாசம் அவ்வளவுதான். சாவி இல்லாதபோது ஸ்பிரிங் தகடுகளைத் தள்ளி உருளைக்கு வெளியே நீட்டி வைத்திருக்கும். அவை வெளிக்கூட்டின் பள்ளத்தில் மாட்டிக்கொள்வதால் உருளை திரும்பாது. சரியான சாவி நுழைந்தால் ஒவ்வொரு தகடும் தனக்குரிய பல்லில் உட்கார்ந்து, அத்தனையும் உருளையின் மேனிக்குச் சமமாக அடங்கிவிடும். அப்போது திரும்பும்.

ஆகவே சாவியில் எத்தனை வெட்டு, எவ்வளவு ஆழம் என்ற விவரம் முழுக்கப் பூட்டுக்குள்ளேயும் இருக்கிறது. ஐம்பது அறுபது வருடம் ஆனாலும் பித்தளைத் தகட்டின் சன்னல் இடம் மாறிவிடாது. சாவி தொலைந்துவிட்டது என்று சொல்கிறவர் கையிலேயே சாவியின் முழு அளவும் இருக்கிறது. அவருக்கு அது தெரியாது, அவ்வளவுதான்.

முதலில் நான் தேடுவது எண்ணை. இங்கிலாந்தில் செய்து இங்கே வந்து சேர்ந்த மோரிஸ் மைனர், ஆஸ்டின் வண்டிகளின் இக்னிஷன் பூட்டில், சாவி நுழையும் துளைக்குப் பக்கத்திலேயே பூட்டின் முகத்தில் எண் குத்தியிருப்பார்கள். பல வண்டிகளில் எஃப்.எஸ். என்ற எழுத்துகளும் அதன்பின் மூன்று இலக்கமும் இருக்கும். பல வருட பாலிஷும் அழுக்கும் சேர்ந்து எண்ணை மூடியிருக்கும். மண்ணெண்ணெய் தொட்ட பழைய பல் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் எண் எழுந்து வரும். உப்புத்தாள் எடுத்து அந்த முகத்தில் தேய்க்கிற ஆட்களைக் கண்டால் எனக்குக் கோபம் வந்துவிடும். எண் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அந்த எண்ணை வைத்தே சாவி வெட்டிக் கொடுக்கிற கடைகள் இங்கிலாந்தில் இன்னமும் இருக்கின்றன. ஒரு எழுத்துத் தொடரில் எண்கள் ஆயிரக்கணக்கில் எல்லாம் கிடையாது, பத்துகளில் எண்ணிவிடலாம். அந்தக் காலத்தில் ஒரே ஊரில் ஒரே சாவி போடும் இரண்டு வண்டி இருந்திருந்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அந்தக் காலத்துப் பூட்டுகள் திருடனை மனதில் வைத்துச் செய்தவை என்று நான் நம்பவில்லை. சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூர் தொழிற்சாலையில் 1961 முதல் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கதவில் பூட்டு, டிக்கியில் பூட்டு, இக்னிஷனில் பூட்டு. பானெட்டோ வெளிப்புறத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் கொக்கிகளில் நிற்கிறது. கொக்கியை விடுவித்தால் முன்பாதி முழுவதும் முன்னால் கவிழ்ந்து, இன்ஜினும் ஒயரும் கண்முன்னே விரிந்துவிடும். அதில் இக்னிஷன் பூட்டு எதைக் காப்பாற்றுகிறது? இருந்தாலும் ஹெரால்டு வைத்திருக்கிறவர்கள்தான் சாவி விஷயத்தில் அதிகம் கவலைப்படுகிறார்கள். அந்தச் சின்னச் சாவியைத் திருப்பும்போது டேஷ்போர்டில் விளக்கு எரிவது அவர்களுக்கு வேண்டும். எனக்கும் அது புரிகிறது.

இங்கேயே செய்த வண்டிகளில் எண் தேடுவது அவ்வளவு லேசு இல்லை. அம்பாசிடர் 2014 வரை உத்தர்பாரா தொழிற்சாலையிலிருந்து வந்துகொண்டிருந்தது. அத்தனை வருடத்தில் கைப்பிடி மாறியது, பூட்டு மாறியது, ஸ்விட்ச் மாறியது. போதாததற்கு, டாக்ஸியாக ஓடிய வண்டியென்றால் நாலு கதவில் நாலு வருடத்துக் கைப்பிடி இருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் எண்ணுக்காகக் காத்திருக்காமல் பூட்டைக் கழற்றிவிடுவதுதான் வழி.

எந்தப் பூட்டை முதலில் கழற்றுவது என்பதில்தான் அனுபவம் பேசும். இக்னிஷனில் கை வைக்கத் தோன்றும், எல்லாருக்கும் அதுதான் அவசரம். நான் அதைக் கடைசியில் வைப்பேன். லூகாஸ் வகை ஸ்விட்சில் உருளையைப் பிடித்து வைத்திருக்கும் ஸ்பிரிங் ஊக்கு ஒன்று உண்டு. பக்கத்தில் இருக்கும் சிறு துளை வழியாகக் கம்பியை விட்டு அதை அமுக்கினால் உருளை வெளியே வரும். ஆனால் உருளை திரும்பிய நிலையில்தான் ஊக்கு துளைக்கு நேராக வரும். அதற்குச் சாவி வேண்டும். சாவி இருந்தால் நாம் ஏன் அங்கே நிற்கிறோம்? அதனால் அதே சாவி போடும் வேறு பூட்டு எது என்று பார்ப்பேன். பெரும்பாலும் ஓட்டுநர் பக்கக் கதவு. கண்ணாடி ஏற்றும் கைப்பிடியைக் கழற்றி, கதவின் உள் ரெக்சினை எடுத்துவிட்டால் வெளிக் கைப்பிடியின் திருகுகள் தெரியும். கைப்பிடி கையோடு வந்துவிடும், பூட்டும் அதனோடு வரும். அந்தக் கதவு பூட்டியிருந்தால், மற்றக் கதவு வழியாக ஏறி டேஷ்போர்டு அலமாரிப் பூட்டு, இல்லாவிட்டால் டிக்கிப் பூட்டு. டிக்கிக்கு வேறு சாவி கொடுத்த கம்பெனிகளும் உண்டு என்பதால் அதை மட்டும் நம்பி இறங்குவதில்லை.

பூட்டு மேசைக்கு வந்தபின் அவசரம் கூடாது. முதலில் பெட்ரோலில் ஊறப்போடுவேன். ஒரு தலைமுறைத் தூசி கருப்புக் குழம்பாக இறங்கும். சில பூட்டுகளில் உள்ளே பச்சையாகப் பிசின்போல ஒட்டியிருக்கும். அது தேங்காய் எண்ணெய். சாவி இறுகுகிறது என்றதும் வீட்டில் இருக்கும் எண்ணெயை இரண்டு சொட்டு விட்டு, அப்போதைக்குத் திரும்பியதும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். வெயிலும் தூசியும் சேர்ந்து அதைப் பசையாக்கி, தகடுகளை வெட்டுகளிலேயே ஒட்டவைத்துவிடும். பூட்டு வேலை செய்யவில்லை என்று வருகிறவற்றில் கணிசமானவை இப்படிக் கழுவியதும் சரியாகிவிடுகின்றன.

அடுத்து பிளாங்க், அதாவது இன்னும் பல் வெட்டாத சாவி. இதுதான் நேரம் தின்னும் வேலை. சாவியின் பக்கவாட்டில் நீளமாக ஓடும் பள்ளங்கள் பூட்டின் துளையோடு பொருந்த வேண்டும். பாரிமுனைப் பக்கம் சாவி சாமான் விற்கும் கடைகளில் பழைய பிளாங்குகள் கட்டுக்கட்டாக, எண்ணெய்த் தாளில் சுற்றி இன்னமும் கிடக்கின்றன. கடைக்காரருக்கே எந்த வண்டிக்கு எது என்று தெரியாது. பூட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்க்க வேண்டும். ‘அண்ணே, எது வேணும்னு சொல்லுங்க, நானே எடுத்துத் தரேன்’ என்பார்கள் கடைப் பையன்கள். சொல்லத் தெரிந்தால் சொல்லமாட்டேனா? சரியாகப் பொருந்துவது கிடைக்காவிட்டால், சற்றுத் தடிமனான பிளாங்கை வாங்கி ஊசி அரத்தால் பள்ளத்தை ஆழப்படுத்தி நுழைய வைப்பேன். தளர்வாக நுழைகிற பிளாங்க் மட்டும் ஆகாது. பூட்டுக்குள் சாவி ஆடினால் தகடுகள் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் உயரத்தில் நிற்கும்.

பிறகுதான் எனக்குப் பிடித்த வேலை. உருளையைக் கூட்டிலிருந்து தனியே எடுத்து, தகடுகள் குதித்து விழாமல் விரலால் பிடித்துக்கொண்டு, பிளாங்கை உள்ளே விடுவேன். பல் வெட்டாத பிளாங்க் எல்லாத் தகட்டையும் ஒரு பக்கமாகத் தள்ளி நிறுத்தும். ஒன்று உருளையின் மேனியிலிருந்து நகக்கனம் நீட்டியிருக்கும், இன்னொன்று நூலளவு, வேறொன்று சரியாகச் சமமாகவே இருக்கும். சமமாக இருக்கும் தகட்டுக்குப் பல் வெட்டவே வேண்டாம். நீட்டியிருப்பதற்கு அது உட்காரும் இடத்தில் வட்ட அரத்தால் இரண்டு இழுப்பு. மறுபடி நுழைத்துப் பார்க்க வேண்டும், மறுபடி இரண்டு இழுப்பு. கண்ணால் பார்ப்பதைவிட விரல்நுனியால் தடவிப் பார்ப்பது துல்லியம். உருளையின் மேல் விரலை ஓட்டும்போது எந்தத் தகடும் தட்டுப்படாத நிலை வந்தால் சாவி தயார். இதில் மறக்கக் கூடாதது ஒன்று உண்டு. ஆழம் அதிகமாகிவிட்டால் தகடு மறுபக்கம் நீட்டிக்கொள்ளும், பித்தளையை மறுபடி ஒட்டவைக்க முடியாது. அதனால் கடைசி இழுப்புகளை அரத்தின் எடைக்கே விட்டுவிட வேண்டும், கை அழுத்தக் கூடாது.

இப்படி வெட்டிய முதல் சாவியை நான் யாருக்கும் கொடுப்பதில்லை. அது அளவுச் சாவி. தொழிற்சாலையில் பல்லின் ஆழங்களைக் குறிப்பிட்ட சில படிகளில் மட்டுமே வைத்திருப்பார்கள். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையில் ஆழம் கிடையாது. அளவுச் சாவியின் ஒவ்வொரு வெட்டையும் வெர்னியரில் அளந்து, எந்தப் படிக்கு அருகில் நிற்கிறது என்று பார்த்து, அந்தப் படியின் சரியான ஆழத்துக்கு இரண்டாவது சாவியை வெட்டுவேன். சில பூட்டுகளில் தகட்டின் மேலேயே படியின் எண்ணைப் பொறித்திருப்பார்கள். அப்போது அளக்கவே தேவையில்லை, வாசித்துக்கொண்டு போகலாம்.

இந்த இரண்டாவது சாவி எதற்கு என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். வண்டியோடு ஒரு சாவி இருந்தாலும், அது பெரும்பாலும் நகலின் நகலாக இருக்கும். மூலச் சாவி தேய்ந்தபின் அதை வைத்து ஒரு டூப்ளிகேட், அது தேய்ந்தபின் இன்னொன்று. டூப்ளிகேட் வெட்டும் மெஷினில் ஒரு பக்கம் பழைய சாவியின் மேல் முள் ஓடும், மறுபக்கம் அதே பாதையில் வெட்டும் சக்கரம் ஓடும். பழைய சாவியின் தேய்மானத்தை மெஷின் அப்படியே நம்பும், தன் பங்குக்குக் கொஞ்சம் பிசகும் சேர்க்கும். நாலாவது தலைமுறைக்கு வரும்போது அந்தச் சாவி பூட்டைத் திறப்பதே ஆட்டிக் குலுக்கினால்தான். ‘இந்த வண்டிக்கு ஒரு கை பக்குவம் இருக்கு, எனக்கு மட்டும்தான் திறக்கும்’ என்று பெருமையாகச் சொல்லும் சொந்தக்காரர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு குலுக்கலிலும் பித்தளைத் தகட்டின் சன்னல் ஓரம் தேய்கிறது. எனவே சாவி இருந்தாலும் அதைப் பார்த்து நான் வெட்டுவதில்லை, பூட்டைப் பார்த்துத்தான் வெட்டுவேன்.

பூட்டைக் கழற்றவே முடியாத நேரமும் உண்டு. அப்போது பழைய சாவிக்காரர்களின் வழிதான். பிளாங்கை மெழுகுவர்த்திப் புகையில் காட்டிக் கருக்கி, பூட்டில் விட்டு மெல்ல முறுக்கி வெளியே எடுத்தால், தகடு இறுகிய இடத்தில் ஊசிமுனை அளவு பளபளப்பு தெரியும். அந்த இடத்தில் அரம். மறுபடி கருக்கு, மறுபடி முறுக்கு. சாலையோரத்தில் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் இதில் வல்லவர்கள், என் கை அவர்கள் அளவுக்கு வராது. இதற்குமேல் திறக்கும் முறைகளை நான் எழுதுவதாக இல்லை. வேண்டாதவர் படித்தாலும் படிப்பார்.

அதையொட்டி இன்னொன்று. ஆர்.சி. புத்தகமும் அடையாள அட்டையும் பார்க்காமல் நான் பூட்டைத் தொடுவதில்லை. புது வண்டிக்காரர்கள் யாரும் இதற்குக் கோபப்படுவதில்லை. பழைய வண்டிக்காரர்கள்தான் முகம் சுளிப்பார்கள், காரணம் ஆர்.சி. அப்பா பெயரில் இருக்கும், சில சமயம் தாத்தா பெயரில். ஒருவர் ஃபியட் 1100 ஒன்றுக்குச் சாவி கேட்டு வந்தார். வண்டி தகப்பனார் பெயரில். அவர் காலமாகிச் சில வருடம் ஆகிறது, வண்டி பூர்வீக வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. கூடப் பிறந்தவர் யாராவது உண்டா என்று கேட்டேன்.

‘அண்ணன் இருக்காரு. அவருக்கு இதுல இன்ட்ரெஸ்ட் இல்ல.’

‘அத அவரே ஒரு வார்த்த போன்ல சொல்லிட்டா நல்லா இருக்கும் சார்.’

அவர் போன் செய்யவில்லை. நானும் சாவி செய்யவில்லை. வண்டிக்காரர் இறந்தபின் வாரிசு பெயருக்கு ஆர்.சி.யை மாற்ற ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 31 கொடுக்க வேண்டும். அதைச் செய்துவிட்டு வந்தால் நான் கேள்வியே கேட்பதில்லை. சாவி செய்கிறவன் குடும்ப வழக்கில் சாட்சியாகக் கூடாது என்பது அப்பா சொன்ன புத்தி.

இரண்டு சக்கர வண்டிகளின் கதை தனி. மைசூரில் செய்த ஜாவாவின் சாவியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது சாவியே இல்லை. ஆணிபோல ஒரு துண்டு, ஹெட்லைட் மேலே செருகி அமுக்கித் திருப்ப வேண்டும். ஒரு ஜாவாவின் சாவி எந்த ஜாவாவுக்கும் போகும். அதனால் ஜாவா சாவி தொலைந்தது என்று யாரும் என்னிடம் வருவதில்லை, அடுத்த தெரு ஜாவாக்காரரிடம் போகிறார்கள். பழைய பஜாஜ் வெஸ்பாவில் இக்னிஷனுக்குச் சாவியே கிடையாது, ஹேண்டில் பூட்டு ஒன்றுதான். அந்தச் சின்னப் பூட்டை ஒரு உறையும் இரண்டு ரிவிட்டும் மூடியிருக்கும். ஹேண்டில் பூட்டிய நிலையில் சாவி தொலைந்துவிட்டால் ரிவிட்டை டிரில் போட்டு எடுத்துத்தான் பூட்டை வெளியே கொண்டுவர வேண்டும். டிரில் ரிவிட்டோடு நிற்க வேண்டும், ஹேண்டில் கம்பத்தைத் தொடக் கூடாது. பலர் பொறுமையில்லாமல் ஹேண்டிலை முறுக்கி உடைக்கிறார்கள். உடைவது பூட்டின் நாக்கு மட்டும் இல்லை, அது மாட்டியிருக்கும் பள்ளத்தின் விளிம்பும் சேர்ந்து உடையும். அப்புறம் நல்ல பூட்டு போட்டாலும் பிடிமானம் இருக்காது.

இரண்டாம் உலகப்போர் ஜீப்பில் இன்னும் வேடிக்கை. ஆரம்பத்தில் வந்த வில்லிஸ், ஃபோர்டு ஜீப்புகளுக்கு எச்-700 என்ற ஒரே எண் சாவி. அமெரிக்க ராணுவம் முழுவதற்கும் ஒன்றே. பிறகு அந்தச் சாவியையும் எடுத்துவிட்டு, திருகினால் இயங்கும் சாதாரண ஸ்விட்ச் வைத்துவிட்டார்கள். சிப்பாய்கள் ஸ்டீயரிங் சக்கரத்தைச் சங்கிலி போட்டுப் பூட்டிக்கொண்டார்கள். அந்த ஜீப்புக்கு இன்று சாவி ஸ்விட்ச் மாட்டித் தரச் சொல்லி வருகிறவர்களிடம், முதலில் எந்த மாதிரி என்று பார்ப்போம் என்று சொல்லி அனுப்புகிறேன். பிந்திய ஜீப்பில் சாவித் துளை வைத்தால் அது சரித்திரத்துக்கே விரோதம்.

பூட்டின் மேல் விழுகிற பழி பலசமயம் அதற்குப் பின்னால் இருப்பதன் மேல் விழ வேண்டியது. இக்னிஷன் ஸ்விட்ச் என்பது இரண்டு பொருள். முன்னால் பூட்டு, பின்னால் மின்சாரத்தைத் தொடுத்து விடும் பகுதி. பழைய வண்டிகளில் வண்டியின் மின்சாரத்தில் பெரும்பகுதி அந்தச் சின்னப் பித்தளைத் தொடுப்புகள் வழியாகத்தான் ஓடும். தொடுப்புகள் கருகி, கொதித்து, ஒருநாள் இணைக்காமல் போகும். ‘சாவி திரும்புது, கரண்டு வரல, சாவி தேஞ்சு போச்சு’ என்பார்கள். திரும்பிவிட்டால் சாவியின் வேலை முடிந்தது. இப்படி வருகிற வண்டிகளில் பூட்டைத் தொடாமல் பின்பகுதியைப் பிரித்துத் தொடுப்புகளைச் சுத்தம் செய்து, ஹெட்லைட் போன்ற பெரிய சுமைகளைக் கண்ணில் படாத இடத்தில் ஒரு ரிலே வைத்து மாற்றிவிட்டால் பழைய ஸ்விட்ச் இன்னும் பல வருடம் தாங்கும். ரிலே வைப்பது மூலத்தைக் கெடுப்பது என்று சண்டைக்கு வருகிற கட்சி ஒன்று உண்டு. ஒயரை வெட்டாமல் மாட்டினால் எப்போது வேண்டுமானாலும் கழற்றிவிடலாம், அதனால் எனக்கு அதில் மனத்தடை இல்லை.

செத்துப்போன பூட்டும் உண்டு, அதை மறைப்பானேன். உருளை பித்தளையாக இருந்தால் பிழைக்கும். துத்தநாகக் கலவையில் வார்த்த கூடும் உருளையும் வயதானால் வெடிக்கும், உதிரும். யாராவது முன்பே ஸ்க்ரூடிரைவரை விட்டுத் திருப்பியிருந்தால் சொல்லவே வேண்டாம். அப்போது புதுப்பேட்டைதான் கதி. பிரித்த வண்டிகளின் கைப்பிடிகளைச் சாக்கில் கொட்டி வைத்திருப்பார்கள். எது வேண்டும் என்று தெரிந்து போக வேண்டும். 1964இல் வந்த ஃபியட் 1100 டிலைட்டில் முன்கதவின் கீல் முன்பக்கம். அதற்கு முந்திய 1100இல் கீல் பின்பக்கம், கதவு எதிர்த்திசையில் திறக்கும். வண்டியின் பெயர் ஒன்றுதானே என்று ஒன்றின் கைப்பிடியை மற்றதற்கு வாங்கி வந்தால் பூட்டு கதவின் தப்பான ஓரத்தில் நிற்கும்.

சாக்கிலிருந்து எடுத்த பூட்டுக்கு வேறு சாவிதான் இருக்கும், அல்லது சாவியே இருக்காது. அதை வண்டியின் மூலச் சாவிக்குப் பழக்குவதுதான் இந்தத் தொழிலில் எனக்கு நிறைவு தருகிற கட்டம். இக்னிஷன் பூட்டைத் தாயாக வைத்துக்கொள்வேன், எண் பொறித்திருப்பது அதில்தான். வந்த பூட்டின் தகடுகளையெல்லாம் கழற்றிப் படிவாரியாக வரிசைப்படுத்துவேன். மூலச் சாவியை உருளையில் விட்டு, முதல் வெட்டில் எந்தத் தகடு சமமாக உட்காருகிறதோ அதைப் போடுவேன், பிறகு இரண்டாவது, மூன்றாவது. என் மேசையில் ஒரு தகர டப்பா நிறையச் செத்த பூட்டுகளின் தகடுகள் இருக்கின்றன. அதில் எப்படியும் வேண்டிய படி கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் அதே கனமுள்ள பித்தளைத் தகட்டில் புதிதாக வெட்டி எடுப்பேன். முதலில் சன்னல், பிறகு வெளி ஓரம். வரிசை மாறினால் தகட்டைப் பிடித்துக்கொள்ள இடம் இருக்காது. சிலர் பொருந்தாத தகட்டை எடுத்து எறிந்துவிட்டு மூன்று தகட்டோடு பூட்டை மூடிக் கொடுத்துவிடுகிறார்கள். டேஷ்போர்டு அலமாரிக்கு அது போதும் என்று விட்டுவிடலாம். கதவுக்கு அப்படிச் செய்வது மோசடி. வண்டிக்காரருக்கு வெளியே தெரியாது என்பதே அதைச் செய்யாமல் இருக்கக் காரணம்.

2021 ஜூலையில் பழம்பெரும் வண்டிகளுக்கென்று மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. 50 வருடம் தாண்டிய, மூல வடிவத்தில் பராமரிக்கப்பட்ட வண்டிகளுக்கு வி.ஏ. என்ற எழுத்துகளோடு தனிப் பதிவெண், புதுப் பதிவுக்கு ரூ.20,000, பத்து வருடம் செல்லுபடி. மூல வடிவம் என்றால் சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்பதுதான். பூட்டைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. நல்ல விதி, ஆனாலும் எனக்கு அது போதவில்லை. இந்த வண்டிகளில் சொந்தக்காரர் கை தினமும் பட்ட பொருள்களில் சாவியும் ஒன்று.

வேலை முடிந்து பூட்டை மாட்டும்போது எண்ணெய் விடமாட்டேன். கிராஃபைட் தூள், அதுவும் துளி. கிடைக்காத ஊரில் இருப்பவர்கள் மென்மையான பென்சில் முனையைச் சாவியின் இருபுறமும் தேய்த்து நாலைந்து முறை நுழைத்து எடுத்தால் போதும். கடலோர ஊர்க்காரர்கள் மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். ஓட்டுநர் இல்லாத பக்கக் கதவின் பூட்டையும் மாதத்துக்கு ஒருமுறை சாவி போட்டுத் திருப்ப வேண்டும். உபயோகிக்காத பூட்டுதான் முதலில் சாகிறது.

இரண்டு சாவி கொடுப்பேன். ஒன்று கொத்துக்கு, ஒன்று பீரோவுக்கு. வண்டி திருட்டுப் போனால் இன்சூரன்ஸ் கம்பெனி இரண்டு சாவியையும் கேட்கும். ஒன்றுதான் இருக்கிறது என்றால் இன்னொன்று எங்கே என்று கேள்வி வரும். அளவுச் சாவி என்னிடம் இருக்காது, வண்டிக்காரர் கண்முன்னே அதன் பற்களை அரம் போட்டு அழித்துவிடுவேன். பற்களின் படி எண்களை ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பேன். அந்தச் சீட்டு வண்டிக்குள் இருக்கக் கூடாது, ஆர்.சி.யோடும் இருக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து யார் கையில் கிடைத்தாலும் வண்டி அவருடையது.

கூலி பற்றிப் பேச்சு வராமல் இருக்காது. புது ஸ்விட்சே இதைவிடக் குறைவாகக் கிடைக்கிறதே என்பார்கள். உண்மைதான், கிடைக்கிறது. நான் பேரம் பேசுவதில்லை. கழற்றிய பூட்டின் தகடுகளைக் கழுவித் துடைத்து, ஒரு வெள்ளைத் துணியில் வரிசையாகப் பரப்பிக் காட்டி, வேண்டுமென்றால் இப்படியே பொட்டலம் கட்டித் தருகிறேன், புது ஸ்விட்ச் மாட்டிக்கொள்ளுங்கள், பின்னால் மனம் மாறினால் இதை எடுத்து வாருங்கள் என்பேன். சிலர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போகிறார்கள். பலர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எந்தத் தகடு எந்தப் பல்லுக்கு என்று கேட்கத் தொடங்குகிறார்கள்.